சிவப்பு ஓஎல்இடிக்கு ஏற்ற தாங்குபொருள் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசித் திரையில் ஒரு செம்பருத்தியின் படத்தைப் பார்க்கிறீர்கள். அந்தச் சிவப்பைத் தருவது, சுமார் 40 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு கரிமப் படலம். அந்தப் படலத்தின் எடையை நூறு பங்காகப் பிரித்தால் உண்மையில் ஒளிர்வது இரண்டு பங்கோ ஐந்து பங்கோதான். மீதி முழுவதும் தாங்குபொருள். ஆய்வகப் பேச்சில் அதற்கு ஹோஸ்ட் என்று பெயர். ஒளிரும் மூலக்கூறுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு சிவப்பு ஓஎல்இடி (மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் படலச் சாதனம்) நன்றாக அமைவதும் வீணாவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கிறது. இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒளிர்பொருளை மட்டும் தனியாகப் பூசினால் என்ன? தாங்குபொருள் எதற்கு?

தனியாகப் பூசினால் மங்கிவிடும். ஒளிரும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நெருக்கமாக இருக்கும்போது, ஒன்று பெற்ற ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவி, அங்கிருந்து அடுத்ததற்குத் தாவி, வழியில் எங்காவது ஒரு குறைபாட்டில் சிக்கி வெப்பமாகப் போய்விடுகிறது. நெருக்கத்தால் வரும் இந்த ஒளியிழப்பு சிவப்பு ஒளிர்பொருள்களில் மிகவும் கடுமை. அவை பெரும்பாலும் தட்டையான, பெரிய மூலக்கூறுகள். ஒன்றன்மேல் ஒன்று எளிதில் அடுக்கிக்கொள்ளும்.

ஒரு சிறு சோதனை இதை நன்றாகக் காட்டும். மூன்று குவார்ட்ஸ் தகடுகள். முதலாவதில் தாங்குபொருள் மட்டும், இரண்டாவதில் சிவப்பு ஒளிர்பொருள் மட்டும், மூன்றாவதில் தாங்குபொருளோடு 3 சதவீத ஒளிர்பொருள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் முதல் தகடு ஊதா கலந்த நீலத்தில் ஒளிரும். இரண்டாவது சோர்ந்த செங்கல் நிறத்தில் மினுங்கும். மூன்றாவதில் நீலம் அடியோடு காணாமல் போய், தணல் போன்ற சிவப்பு மட்டும் எரியும். விளக்கின் ஒளியை உறிஞ்சியது கிட்டத்தட்ட முழுக்கவும் தாங்குபொருள்தான். அது பெற்றதையெல்லாம் நூற்றில் மூன்று பங்குக்குக் கொடுத்துவிட்டது. நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

இந்த முறையை யார் தொடங்கினார்கள்?

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987இல் இரண்டு அடுக்குகள் கொண்ட ஓஎல்இடியை வெளியிட்டார்கள். 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் அது பச்சையாக ஒளிர்ந்தது. ஒளிர்ந்த பொருள் அல்க்யூ3 என்ற அலுமினியச் சேர்மம். இரண்டே ஆண்டுகளில், 1989இல், அதே குழு அல்க்யூ3க்குள் சிறிதளவு சாயத்தைக் கலந்து, நிறத்தையும் மாற்றலாம், திறனையும் கூட்டலாம் என்று காட்டியது. அப்போது கலந்த சாயங்களில் டிசிஎம் என்ற சிவப்புச் சாயமும் ஒன்று. சிவப்பு ஓஎல்இடியின் தாங்குபொருள் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தாங்குபொருளிலிருந்து ஒளிர்பொருளுக்கு ஆற்றல் எப்படிப் போகிறது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஃபார்ஸ்டர் முறை. சில நானோமீட்டர் தள்ளியிருந்தாலும் ஆற்றல் போய்ச்சேரும். தாங்குபொருள் உமிழும் ஒளியின் நிறமாலையும் ஒளிர்பொருள் உறிஞ்சும் நிறமாலையும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். இரண்டாவது டெக்ஸ்டர் முறை. இரு மூலக்கூறுகளும் தொட்டுக்கொள்ளும் தூரத்தில், சுமார் 1 நானோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். எலக்ட்ரான்களே இடம் மாறிக்கொள்ளும். மூன்றாவதில் ஆற்றல் தாவுவதே இல்லை. எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன வெற்றிடம்; நேர்மின்னூட்டம்போல நகரும்) நேராக ஒளிர்பொருளிலேயே வந்து சிக்கி, அங்கேயே சேர்ந்து ஒளியாகின்றன. சிவப்பு சாதனங்களில் இந்த மூன்றாவது வழிக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் நன்மையையும் தொல்லையையும் அடுத்தடுத்த பதில்களில் பார்க்கலாம்.

ஒற்றை நிலை, மும்மை நிலை என்று சொல்கிறார்களே, அது என்ன?

மின்சாரத்தால் கிளர்ந்த மூலக்கூறுகளில், எலக்ட்ரான்களின் சுழற்சி சேரும் விதத்தைப் பொறுத்து, நூற்றுக்கு 25 ஒற்றை நிலையிலும் 75 மும்மை நிலையிலும் பிறக்கின்றன. சாதாரணச் சாயங்கள் 25ஐ மட்டுமே ஒளியாக்கும். இரிடியம், பிளாட்டினம் போன்ற கனமான அணுவை மூலக்கூறின் நடுவில் வைத்தால் மீதி 75உம் ஒளியாகும்.

இதை முதலில் நிரூபித்த நிறம் சிவப்பு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1998இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் ஃபாரஸ்ட், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்ப்சன் ஆகியோரின் குழு, பிளாட்டினம் போர்ஃபிரின் ஒன்றை அல்க்யூ3இல் கலந்து 650 நானோமீட்டர் சிவப்பைப் பெற்றது. வெளித்திறன், அதாவது செலுத்திய எலக்ட்ரான்கள் நூற்றுக்கு எத்தனை ஒளித்துகள் சாதனத்துக்கு வெளியே வந்தன என்பது, 4 சதவீதம்; உள்ளே பிறந்த ஒளி முழுவதையும் கணக்கிடும் உள்திறன் 23 சதவீதம். அடுத்த ஆண்டு அதே ஒளிர்பொருளை வைத்துக்கொண்டு, தாங்குபொருளை மட்டும் சிபிபி என்ற கார்பசோல் சேர்மமாக மாற்றி, துளைகளைத் தடுக்கும் ஓர் அடுக்கையும் சேர்த்தார்கள். வெளித்திறன் 5.6 சதவீதமானது. ஒளிரும் மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சிவப்புதான் ஆற்றல் குறைந்த நிறமாயிற்றே. எந்தத் தாங்குபொருளைப் போட்டாலும் சரிவரும் அல்லவா?

இந்தக் கேள்விக்குள் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் பலரை வழிதவறச் செய்கிறது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 620 நானோமீட்டர் சிவப்பொளியின் ஆற்றல் 2.0 எலக்ட்ரான் வோல்ட். வயலில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் தண்ணீர் பாயும். அதுபோல, தாங்குபொருளின் மும்மை நிலை ஒளிர்பொருளுடையதைவிட மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றல் பின்னோக்கி வழிந்துவிடும். நீலத்துக்கு 2.8க்கு மேல் மும்மை நிலை வேண்டும் என்பதால் அங்கே பொருள் கிடைப்பதே அரிது. சிவப்புக்கு 2.2 முதல் 2.4 வரை இருந்தால் போதும். சிபிபிக்கு 2.56 இருக்கிறது, எம்சிபி என்ற இன்னொரு கார்பசோல் சேர்மத்துக்கு 2.9. ஆகவே நீலத்துக்கும் பச்சைக்கும் செய்த எதையும் சிவப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எடுத்துக்கொண்டால் ஒளியும் வரும்.

வராதது சிக்கனம். மும்மை நிலை உயரமாக உள்ள பொருள்களுக்குப் பொதுவாக ஹோமோ, லூமோ மட்டங்களுக்கு இடையேயான இடைவெளியும் அகலமாகிவிடுகிறது. ஹோமோ என்பது துளை நடமாடும் மட்டம், லூமோ என்பது எலக்ட்ரான் நடமாடும் மட்டம். சிபிபியின் ஹோமோ சுமார் 6.0 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் கிடக்கிறது. துளையைக் கொண்டுவரும் முன்னடுக்கின் மட்டம் 5.4 அல்லது 5.5. ஆக, உள்ளே நுழையவே துளை அரை வோல்ட் படி ஒன்றைத் தாண்ட வேண்டும். தாண்டி வந்தால் அங்கே சிவப்பு இரிடியம் சேர்மத்தின் ஹோமோ 5.1க்கு அருகில் காத்திருக்கிறது. துளையைப் பொறுத்தவரை அது முக்கால் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேற்பட்ட ஆழமுள்ள குழி. அறை வெப்பநிலை தரக்கூடிய உந்துதலோ 0.026 எலக்ட்ரான் வோல்ட். விழுந்த துளை எழுந்து வருவதில்லை.

இதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். துளைகள் நுழைந்த இடத்திலேயே தேங்குகின்றன. தேக்கத்தைத் தள்ளிக்கொண்டு மின்னோட்டம் போக மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது. எலக்ட்ரானும் துளையும் சேரும் பகுதி 40 நானோமீட்டரில் பரவாமல் ஓரத்தில் சில நானோமீட்டருக்குள் ஒடுங்குகிறது. அந்த ஒடுங்கிய பகுதியில், தேங்கிய துளைகள் கிளர்ந்த மூலக்கூறுகளின் ஆற்றலைத் தின்கின்றன. 2 எலக்ட்ரான் வோல்ட் ஒளிக்காக 3 எலக்ட்ரான் வோல்ட் மலையை ஏறி இறங்கிய கணக்கு இது.

ஆகவே சிவப்புக்குத் தேவை வேறு வகைப் பொருள்: மும்மை நிலை 2.2க்குச் சற்று மேலே, ஹோமோ 5.5 அளவில், லூமோ 2.8 முதல் 3.0 வரை. இடைவெளி குறுகினால் ஒளிர்பொருளின் குழியும் ஆழம் குறையும். நீலத்துக்கான பொருளைச் சிவப்புக்குக் கடன் வாங்குவதை விட்டுவிட்டு, சிவப்புக்கென்றே வடிவமைக்கத் தொடங்கிய பிறகுதான் மின்னழுத்தம் இறங்கியது. தாங்குபொருள் தேடும் எவரும் மும்மை நிலை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

குழியே இருக்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 0.2, 0.3 அளவிலான ஆழம் நல்லது; ஒளிர்பொருளில் நேராகச் சிக்கி ஒளிரும் வழி அப்போதுதான் வேலை செய்யும்.

அப்படியானால் சிபிபி ஏன் இன்னும் ஆய்வுக் கட்டுரைகளில் வந்துகொண்டே இருக்கிறது?

ஒப்பிடுவதற்காக. 2001இல் சிஹாயா அடாச்சியும் ஃபாரஸ்ட், தாம்ப்சன் குழுவினரும் இரிடியம் சேர்மம் ஒன்றைச் சிபிபியில் கலந்து சிவப்பில் 7 சதவீதத்தை எட்டினார்கள். 2003இல் ஜப்பானின் கேனன் நிறுவன ஆய்வாளர்கள் ஃபினைல் ஐசோகுயினோலின் இணைந்த இரிடியம் சேர்மத்தைக் கொண்டு 10.3 சதவீதம் பெற்றதும் சிபிபியில்தான். அந்த எண்களோடு பொருத்திப் பார்க்க இன்றும் அது தேவைப்படுகிறது.

ஆனால் விற்பனைக்குப் போகும் சாதனத்தில் அதை வைக்க முடியாது. அதன் கண்ணாடி நிலை, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்கின்றி உறைந்து நிற்கும் நிலை, 62 டிகிரி செல்சியஸில் குலைகிறது. வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை அதைவிடச் சூடாகும். அறை வெப்பத்தில்கூட அது பொறுமையாகப் படிகமாகும் தன்மையுடையது. ஒருமுறை உறையிடாத ஒரு சிபிபி படலத்தைச் சில நாட்கள் வெளியே விட்டிருந்தோம். வைக்கும்போது கண்ணாடியே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்த படலத்தில், எடுக்கும்போது ஆங்காங்கே பனி படிந்ததுபோல வெண்புள்ளிகள். நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் நடுவிலிருந்து விரியும் ஊசிக்கொத்து. மின்சாரம் ஓட வேண்டிய படலத்தில் அப்படி ஒரு கொத்து முளைத்தால் அந்த இடம் கரும்புள்ளியாகிவிடும். கண்ணாடி நிலை 100 டிகிரிக்கு மேல் இருக்கும்படி மூலக்கூறை முறுக்கி, கனமாக்கி வடிவமைப்பது இந்தக் காரணத்தால்தான்.

இருமுனைத் தாங்குபொருள் என்பது என்ன?

துளையையும் எலக்ட்ரானையும் சமமாகக் கடத்துவது. ஒரே மூலக்கூறில் எலக்ட்ரானைக் கொடுக்கும் பகுதியும் ஏற்கும் பகுதியும் இருக்கும். கொடுக்கும் பக்கத்தில் கார்பசோல், இண்டோலோகார்பசோல், ட்ரைஅரைல் அமின். ஏற்கும் பக்கத்தில் ட்ரையசின், குயினசோலின், குயினாக்சலின். சிவப்புக்குக் குயினசோலினும் குயினாக்சலினும் இயல்பாகப் பொருந்துகின்றன. இணைந்த வளையங்களால் அவற்றின் லூமோ தாழ்ந்திருக்கும், எலக்ட்ரான் எளிதில் நுழையும். மும்மை நிலையும் சிவப்புக்குப் போதுமான உயரத்தில் நின்றுவிடும். நீலத்துக்கு உதவாத பொருள் சிவப்புக்கு ஏற்றதாகும் இடம் இது.

கொடுக்கும் பகுதியையும் ஏற்கும் பகுதியையும் எப்படி இணைக்கிறோம் என்பதும் முக்கியம். நேராக இணைத்தால் இரண்டும் கலந்து இடைவெளி அளவுக்கு மீறிச் சுருங்கும். நடுவில் ஒரு ஃபினைல் வளையத்தை வைத்து, மெட்டா நிலையில், அதாவது வளையத்தில் நேரெதிரே இல்லாமல் ஒன்றுவிட்ட இடத்தில், திருப்பினால் ஒன்றையொன்று அதிகம் பாதிக்காமல் வேலை செய்யும்.

இரண்டு தாங்குபொருள்களைக் கலப்பது எதற்காக?

துளை கடத்தும் ஒன்றையும் எலக்ட்ரான் கடத்தும் ஒன்றையும் கலந்தால், கலப்பு விகிதத்தை மாற்றியே சமநிலையைக் கொண்டுவரலாம். ஒற்றை மூலக்கூறில் அந்தச் சமநிலையை மாற்ற மறுபடி தொகுப்பு வேதியியலுக்குத் திரும்ப வேண்டும். கலவையில் விகிதத்தைத் திருத்தினால் போதும்.

சில இணைகளில் இன்னொரு அற்புதம் நடக்கிறது. ஒன்றின் துளையும் மற்றதன் எலக்ட்ரானும் இரு மூலக்கூறுகளுக்குப் பொதுவாக ஒரு கிளர்நிலையை உருவாக்குகின்றன. அதற்கு எக்ஸிப்ளெக்ஸ் என்று பெயர். அதில் ஒற்றை நிலையும் மும்மை நிலையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால், மும்மை நிலைக்காக அகலமான இடைவெளியைச் சுமக்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன மலையேற்றம் இங்கே இல்லை. தென்கொரியாவில் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிம் ஜாங்-ஜூ குழு இந்த வழியைப் பெரிதும் வளர்த்தது. படுக்கைவசமாக அமையும் சிவப்பு இரிடியம் ஒளிர்பொருளை எக்ஸிப்ளெக்ஸ் கலவையில் இட்டபோது வெளித்திறன் 30 சதவீதத்தைத் தாண்டியது. 1998இன் 4 சதவீதத்தை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் பெருமை புரியும்.

படுக்கைவசம் என்பது தற்செயலான சொல் அல்ல. மூலக்கூறு கிடக்கும் கோணம் ஒளி எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கோணத்தை அமைப்பதிலும் தாங்குபொருளுக்குப் பங்கு உண்டு.

எவ்வளவு ஒளிர்பொருள் கலக்க வேண்டும்?

வழக்கம் 2 முதல் 10 சதவீதம் வரை. ஆனால் பொருத்தமான தாங்குபொருள் இருந்தால் 1 சதவீதமே போதும் என்று 2009இல் கியுங் ஹீ பல்கலைக்கழகத்தின் குவோன் ஜாங்-ஹியுக் குழு காட்டியது. அவர்கள் பயன்படுத்தியது பெப்க்யூ2 என்ற பெரிலியம் சேர்மம். மும்மை நிலை 2.2, ஹோமோ 5.5, அதாவது மேலே சொன்ன அளவுகள். இரிடியம் பூமியில் மிக அரிதாகக் கிடைக்கும் உலோகம் என்பதால் இது செலவிலும் பெரிய விஷயம். பெரிலியம் நச்சுத்தன்மை உடையது என்பதால் அந்தச் சேர்மத்தைப் பரவலாகப் பின்பற்றத் தயங்குவதும் நியாயமே. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளவுகளை.

1 சதவீதம் என்று எழுதுவது எளிது. ஆவிப்படிவுக் கலத்தில் தாங்குபொருள் வினாடிக்கு 1 ஆங்ஸ்ட்ராம் வேகத்தில் ஏறும்போது ஒளிர்பொருள் 0.01 வேகத்தில் ஏற வேண்டும். அந்த வேகத்தில் உணர்வியின் எண் தடுமாறிக்கொண்டே இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெப்பத்தைத் திருத்த வேண்டும்.

ஒளியைக் கூட்டினால் திறன் சரிகிறதே, ஏன்?

மும்மை நிலைகள் ஒன்றையொன்று மோதி அழிப்பதாலும், தேங்கிய மின்னூட்டங்கள் அவற்றை அழிப்பதாலும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சேரும் பகுதியை அகலமாக்குவது. அதைச் செய்வது சமநிலையுள்ள தாங்குபொருள். ஒளிர்பொருள் எவ்வளவு விரைவாக ஒளிர்கிறது என்பதும் முக்கியம். பழைய பிளாட்டினம் போர்ஃபிரின் ஒளிரப் பல பத்து மைக்ரோவினாடிகள் எடுத்தது. இரிடியம் சேர்மங்கள் ஏறத்தாழ ஒரு மைக்ரோவினாடியில் முடித்துவிடுகின்றன.

நல்ல சிவப்பு என்றால் எந்த அலைநீளம்?

இதில் கண் குறுக்கே நிற்கிறது. 555 நானோமீட்டர் பச்சைக்கு நம் கண்ணின் உணர்திறனை 1 என்று வைத்தால், 620இல் அது 0.38, 630இல் 0.27, 650இல் 0.11. ஆழ்ந்த சிவப்பைத் தேடிச் செல்லும் ஒவ்வொரு 10 நானோமீட்டருக்கும் விலை கொடுக்கிறோம். பிடி2020 என்ற ஒளிபரப்புத் தரம் கேட்பது 630 நானோமீட்டர் ஒற்றை நிறத்துக்கு நிகரான சிவப்பு. அதோடு, ஆற்றல் இடைவெளி சுருங்கச் சுருங்க மூலக்கூறின் அதிர்வுகளே ஆற்றலை வெப்பமாக்கிவிடும் வாய்ப்பு ஏறுகிறது. ஆகவே ஒரு கட்டுரையில் திறனைப் பார்க்கும்போது, அது 600க்கானதா 630க்கானதா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

ஆயுளில் தாங்குபொருளுக்கு என்ன பங்கு?

மூலக்கூறு உடைவது பெரும்பாலும் தாங்குபொருளில் தொடங்குகிறது. சிபிபி கொண்ட சாதனங்களை ஓட்டிப் பழுதாக்கி, உள்ளே இருந்ததைப் பிரித்துப் பார்த்த கோடாக் ஆய்வாளர்கள், கார்பசோலின் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு அறுவதை 2007இல் விளக்கினார்கள். சிவப்பு ஒளிர்பொருளின் 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அந்தப் பிணைப்பை அறுக்கும் வலுவில்லை. ஆனால் அகல இடைவெளித் தாங்குபொருளில் பிறக்கும் 3 எலக்ட்ரான் வோல்ட் கிளர்நிலைக்கு அது இருக்கிறது. குறுகிய இடைவெளியை விரும்ப இதுவும் ஒரு காரணம்.

மற்றொன்று தூய்மை. தொகுப்பின்போது மிஞ்சும் புரோமின், குளோரின் தடயங்கள் ஆயுளை அரிக்கும். சூடம் திரவமாகாமலே ஆவியாவதுபோல இந்தப் பொருள்களும் வெற்றிடத்தில் பதங்கமாகும்; நீண்ட குழாயில் வெப்பச்சரிவு அமைத்து, தூய பகுதி ஓரிடத்தில் படிய, அழுக்கு வேறிடத்தில் நிற்கும்படி செய்வார்கள். ஒருமுறை போதாது. இரண்டு, மூன்று முறை பதங்கமாக்கிய பிறகே சாதனத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இரிடியம் இல்லாமல் சிவப்பு முடியாதா?

முடியும். 2012இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சியின் குழு, அறை வெப்பத்தின் உதவியால் மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு ஏற்றிவிடும் உலோகமற்ற மூலக்கூறுகளை வெளியிட்டது. 2014இல் அத்தகைய மூலக்கூறைத் துணைப்பொருளாகச் சிபிபியில் வைத்து, அதிலிருந்து சாதாரணச் சிவப்புச் சாயத்துக்கு ஆற்றலை மாற்றி 17.5 சதவீத வெளித்திறன் பெற்றார்கள். மூன்றாவது ஒரு பொருளை இடைத்தரகராக வைக்கும் எண்ணம் பழையதுதான். 1999இலேயே ஜப்பானின் சான்யோ ஆய்வாளர்கள் அல்க்யூ3க்கும் சிவப்புச் சாயத்துக்கும் நடுவில் ரூப்ரீன் என்ற சேர்மத்தை வைத்திருந்தார்கள்.

புதிய தாங்குபொருள் ஒன்றைச் செய்திருக்கிறேன். முதலில் எதை அளக்க வேண்டும்?

ஒளிரும் சாதனத்தை உடனே செய்துவிடாதீர்கள். முதலில் குளிர்நிலையில் மும்மை நிலையை அளந்து 2.2க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோமோ, லூமோ மட்டங்களை உங்கள் ஒளிர்பொருளின் மட்டங்களோடு ஒரே தாளில் வரையுங்கள். கண்ணாடி நிலை வெப்பத்தை எடுங்கள். பிறகு துளை மட்டும் ஓடும் சாதனம் ஒன்று, எலக்ட்ரான் மட்டும் ஓடும் சாதனம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒளிர்பொருள் கலந்தும் கலக்காமலும், ஆக நான்கு. கலந்தவுடன் துளை மின்னோட்டம் பல மடங்கு விழுந்தால் குழி ஆழம் என்று பொருள். மூலக்கூறின் கொடுக்கும் பகுதியை மாற்றுங்கள், அல்லது அதற்கு ஓர் இணையைத் தேடிக் கலந்து பாருங்கள். விழுவது சிறிதளவு மட்டும் என்றால் அந்த இரவே முழுச் சாதனத்துக்கு ஆவிப்படிவுக் கலத்தைத் தயார் செய்யலாம்.